தும்புத்தடியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்: வீட்டுப் பட்டறையும் நுண் மரத்தூளும்

யாழ்ப்பாணத்தில் பின்வளவுப் பத்தியிலோ கார்க் கொட்டகையிலோ சின்னதாக ஒரு மரவேலைப் பட்டறை போட்டிருக்கும் வீடுகளை இப்போது ஆங்காங்கே காணலாம். பின்னேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பிள்ளைக்கு ஒரு படிக்கிற மேசை, சாமியறைக்கு ஒரு தட்டு, அம்மம்மா வீட்டுப் பழைய கதவைச் சுரண்டிப் புதுப்பித்தல் என்று ஏதாவது நடந்துகொண்டிருக்கும். எந்த வாள் வாங்கலாம், எந்த சாண்டர் (சாண்ட்பேப்பர் பூட்டி மரத்தைத் தேய்க்கும் மின்கருவி) நல்லது என்று கேட்டால் பதில் சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். தூளுக்கு என்ன செய்வது என்று கேட்டால் "ஒரு மாஸ்க்கைப் போடும் தம்பி" என்பதோடு கதை முடிந்துவிடும். மாஸ்க் தேவைதான். ஆனால் அது வரிசையில் கடைசியாக வர வேண்டியது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நாலைந்து இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்குக் காசே செலவில்லை.

எந்தத் தூளைப் பற்றிப் பேசுகிறோம்?

தூளின் பருமனை மைக்ரோன் கணக்கில் அளப்பார்கள். ஒரு மில்லிமீற்றரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோன். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரோன் வரும். மரக்காலையில் குவிந்து கிடக்கும் தூளில் நிறையில் பெரும்பங்கு இதைவிடப் பெரியது. அது விழுந்த இடத்தில் கிடக்கும், கூட்டி அள்ளலாம், சாக்கில் கட்டலாம். தொல்லை தருவது 10 மைக்ரோனுக்குக் கீழே உள்ளது. நிறுத்துப் பார்த்தால் சொற்பம்தான், ஆனால் எண்ணிக்கையில் கணக்கற்றது.

பெரிய தூளுக்கும் சின்னத் தூளுக்கும் உள்ள வேறுபாட்டை விழும் வேகத்தில் பார்க்கலாம். காற்று அசையாமல் நிற்கிறது என்று வையுங்கள். நம் மூக்கு மட்டம் தரையிலிருந்து ஒன்றரை மீற்றர். தண்ணீரின் அடர்த்தியுள்ள 100 மைக்ரோன் துகள் ஒன்று அங்கிருந்து தரைக்கு வர ஏறத்தாழ 6 வினாடி போதும். 10 மைக்ரோன் துகளுக்கு 8 நிமிடம் வேண்டும். 5 மைக்ரோன் என்றால் அரை மணித்தியாலம், 2.5 மைக்ரோன் என்றால் 2 மணித்தியாலம், 1 மைக்ரோன் என்றால் பாதி நாள். பருமன் பாதியானால் விழும் நேரம் நாலு மடங்காகும் என்பதால்தான் கணக்கு இப்படி ஓடுகிறது. அதுவும் அசையாத காற்றில். நாம் நடக்கிறோம், கையை வீசுகிறோம், மின்விசிறி சுற்றுகிறது, கதவு அடிக்கிறது. மெய்யான பட்டறையில் இந்த நேரங்கள் இன்னும் நீளும்.

இதிலிருந்து ஒரு விடயம் உடனே விளங்கும். பின்னேரம் 4 மணிக்குக் கடைசிப் பலகையைத் தேய்த்து முடித்து, மாஸ்க்கைக் கழற்றி வைத்து, ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டு வந்து நாலரைக்கு பட்டறையைக் கூட்டத் தொடங்குகிறவர், தேய்க்கும்போது தவிர்த்த தூளைத்தான் இப்போது சுவாசிக்கிறார். இருந்ததோடு, தும்புத்தடி கிளப்பிவிட்டதும் சேர்ந்து வரும். அறை பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். மிக நுண்ணிய துகள் தனித்தனியாகக் கண்ணுக்குப் படாது.

உடம்புக்குள் என்ன செய்கிறது?

பெரிய துகள்களை மூக்கு தடுத்துவிடும். சளியில் ஒட்டும், தும்மினால் வெளியே வரும். 10 மைக்ரோனுக்குக் கீழே உள்ளவை மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். 4, 5 மைக்ரோனுக்குக் கீழே உள்ளவை நுரையீரலின் காற்றறைகள் வரைக்கும் போகும். அங்கே வழித்து வெளியே தள்ளச் சளியும் இல்லை, மயிரிழையும் இல்லை.

மூக்கு தடுத்துவிட்டது என்றதும் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற நகரம் கதிரை, மேசை செய்வதற்குப் பேர்போனது. 1960களில் அந்தப் பகுதி மருத்துவர்கள் ஒரு விடயத்தைக் கவனித்தார்கள். பொதுமக்களிடம் மிக அரிதாக வரும் ஒருவகை மூக்குக்குழிப் புற்றுநோய், தளபாடத் தொழிலாளர்களிடம் மட்டும் வழக்கத்துக்கு மாறாகக் கூடுதலாக இருந்தது. காரணம் கடினமரத்தின் தூள். பின்னர் பல நாடுகளில் அதே தொடர்பு தெரியவந்தது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் 1995இல் வெளியிட்ட தொகுதியில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதலாம் பிரிவில் வைத்தது.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தொழிலாளர்கள் ஆண்டுக்கணக்காக, நாள் முழுக்க, தூளுக்குள் நின்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மரம் தொடுகிறவருக்கு அந்த ஆபத்து அதே அளவில் இல்லை. ஆனால் தொய்வும் (ஆஸ்துமா) ஒவ்வாமையும் அப்படி ஆண்டுக்கணக்குப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே முட்டு வருகிறவர்கள் வீட்டில் இருந்தால், குறிப்பாகச் சின்னப் பிள்ளைகள் இருந்தால், பட்டறைத் தூள் அவர்களுடைய பிரச்சினையாகவும் ஆகிவிடும்.

எவ்வளவு தூள் கூடாது? பிரித்தானியாவில் வேலைத்தளக் காற்றில் கடினமரத் தூளுக்கு உள்ள உச்ச எல்லை ஒரு கன மீற்றருக்கு 3 மில்லிகிராம். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் தன் எல்லையை 2 மில்லிகிராமாகக் குறைத்தது. இது எட்டு மணித்தியாலச் சராசரி. இந்த எண்ணை நம் பட்டறைக்குக் கொண்டுவருவோம். 10 அடிக்கு 12 அடி அறை, 9 அடி உயரம். உள்ளே இருப்பது 30 கன மீற்றருக்குச் சற்றுக் கூடுதலான காற்று. 2 மில்லிகிராம் எல்லைக்கு அந்த அறை முழுக்கச் சேர்ந்து மிதக்கக்கூடியது 60 மில்லிகிராம். அது மூன்று, நாலு அரிசிமணியின் எடை. சாண்டரை ஒரு கதவின் மீது ஓட்டினால் எவ்வளவு தூள் வருகிறது என்று பார்த்தவர்களுக்கு, இந்த எல்லையைத் தாண்டுவது எவ்வளவு சுலபம் என்று சொல்லத் தேவையில்லை.

கருவியும் மரமும்

எல்லாக் கருவியும் ஒரே மாதிரித் தூள் தருவதில்லை. சீவுளி சுருள் சுருளாகச் சீவல் தரும், உளி செதிள் தரும், கைவாள் பருந்தூள் தரும். நம் கோயில் தேர்களின் சிற்பவேலை உளியிலும் கொட்டாப்புளியிலும் வளர்ந்தது. அந்தக் கொட்டிலில் குப்பை இருந்தது, நுண்தூள் குறைவு. மின்சாரமே இல்லாமல் கிடந்த தொண்ணூறுகளில் இங்கே மரவேலை செய்தவர்களைக் கேட்டாலும் தோள்மூட்டு நோவைத்தான் முதலில் சொல்வார்கள். மின்கருவி வந்த பிறகுதான் நிலைமை மாறியது. வேகமாகச் சுற்றும் எதுவும் மரத்தைத் துண்டாக வெட்டுவதைவிட்டு அரைக்கத் தொடங்குகிறது. இதில் சாண்டர் முதலிடம், மரத்தில் தவாளிப்பும் விளிம்பும் வெட்டும் றவுட்டர் அடுத்தது, வட்டவாள் அதற்குப் பிறகு. சாண்ட்பேப்பரின் இலக்கம் கூடக் கூடத் தூளும் நுண்ணியதாகும். ஆகவே முடிந்த இடத்தில் சீவுளியால் மட்டம் பண்ணிவிட்டு, கடைசிக்கு மட்டும் சாண்டர் எடுப்பது தூளைப் பிறக்க முதலே குறைக்கும் வழி. இதை யாரும் தூள் கட்டுப்பாடு என்று விற்பதில்லை, அதனால் யாரும் சொல்வதுமில்லை.

மரத்திலும் ஆளுக்காள் குணம் உண்டு. முதிரை பார்க்க அழகு, ஆனால் அதன் தூள் தோலில் சொறியும் தடிப்பும் உண்டாக்குவதில் உலக அளவில் பேர்பெற்றது. தேக்குத் தூளும் சிலருக்கு ஒத்துவராது. வேம்பை சாண்டரால் தேய்த்தால் தொண்டையில் கசக்கும். கசந்தால் தூள் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அந்த வகையில் வேம்பு நேர்மையான மரம். பனையில் கரிய நார்கள் ஊசிபோல உடைந்து கையில் ஏறும், வளையோ சிலாகையோ அறுக்கும்போது கண்ணாடி போடாமல் இருக்காதீர்கள். எம்.டி.எஃப். பலகை எல்லாவற்றிலும் மோசம். அது ஏற்கெனவே நுண்ணிய நாராக அரைத்துப் பசையில் அழுத்திய பொருள். அறுத்தால் மாவாகத்தான் கொட்டும். பசையில் பெரும்பாலும் ஃபோமல்டிஹைட் இருக்கும், அதுவும் அதே முதலாம் பிரிவில் உள்ளது. எம்.டி.எஃப். அறுப்பதை எப்போதும் வெளியே, முற்றத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கதவு, ஜன்னல் பற்றித் தனியாக ஒரு சொல். ஐம்பது அறுபது வருடப் பழமையான பெயின்ற் அடுக்குகளில் ஈயம் இருக்கக்கூடும். அதைக் காயவைத்து சாண்டரால் தேய்ப்பது வீட்டில் பிள்ளைகள் இருக்கும்போது செய்யவே கூடாத வேலை. நனைத்துச் சுரண்டியால் வழித்தெடுத்து, வழித்ததைக் கடதாசியில் கட்டி அகற்றுங்கள். கறையானுக்காகப் பழைய எஞ்சின் ஒயில் பூசிய கூரை மரங்களுக்கும் இதே எச்சரிக்கை.

பிறக்கும் இடத்திலேயே பிடிப்பது

இதுதான் விடயத்தின் மையம். காற்றில் கலந்த தூளைத் திரும்பப் பிடிப்பது மிகக் கடினம். மரத்திலிருந்து கிளம்பும் அந்த நொடியில் பிடிப்பது ஒப்பீட்டளவில் சுலபம்.

உறிஞ்சுவதைப் பற்றி நமக்கு ஒரு தப்பெண்ணம் இருக்கிறது. ஊதும் காற்று தூரம் போகிறது என்பதால் உறிஞ்சும் காற்றும் தூரத்திலிருந்து வரும் என்று நினைக்கிறோம். ஒரு ஜாம் போத்தல் விளக்கை ஒரு முழம் தள்ளி நின்று ஊதி அணைத்துவிடலாம், அதே தூரத்தில் நின்று மூச்சை உள்ளே இழுத்து அணைக்க முயன்று பாருங்கள். ஊதும்போது காற்று ஒரே திசையில் போகிறது, இழுக்கும்போது எல்லாத் திசையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. கணக்காகச் சொன்னால், உறிஞ்சும் குழாயின் வாயிலிருந்து அந்தக் குழாயின் விட்டம் அளவு தூரம் தள்ளிப்போனாலே காற்றின் வேகம் ஏறத்தாழ பத்தில் ஒன்றாகக் குறைந்துவிடும். 2 அங்குலக் குழாய் என்றால் 2 அங்குலத்துக்கு அப்பால் அது பெயரளவில்தான் உறிஞ்சுகிறது. மேசை ஓரத்தில் வக்கியூம் குழாயைக் கட்டித் தொங்கவிட்டுவிட்டு நடுவில் நின்று தேய்ப்பது சத்தத்துக்கு மட்டும் உதவும்.

ஆகவே வாய் தூளை ஒட்டி இருக்க வேண்டும். சாண்டரில் இது நன்றாக அமைந்திருக்கிறது. அடித்தட்டில் ஓட்டைகள் உண்டு, தூள் அதன் வழியே பின்னால் போகும். தாளின் ஓட்டைகளும் தட்டின் ஓட்டைகளும் நேராகப் பொருந்தும்படி ஒட்டுங்கள். கோணலாக ஒட்டினால் போகும் வழி அடைபட்டுவிடும், தாளும் சீக்கிரம் தேய்ந்துபோகும். பின்னால் கூடவே வரும் சின்னத் துணிப்பையை நம்பாதீர்கள். அது பருந்தூளைப் பிடித்து வைத்து, நுண்தூளை நெசவின் இடையால் வெளியே விடும். பையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வக்கியூம் குழாயைப் பொருத்துங்கள். ஒரு பட்டறைக்கு ஒரேயொரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

பொருத்துவதில் ஒரு சின்னச் சிக்கல் வரும். சாண்டரின் வாயும் குழாயின் வாயும் ஒரே அளவாக இருக்கவே இருக்காது, ஒவ்வொரு கொம்பனியும் தன்பாட்டுக்கு ஓர் அளவு வைத்திருக்கும். இதற்கென்று விற்கும் இணைப்புகளைத் தேடி அலையத் தேவையில்லை. பழைய சைக்கிள் ரியூப்பில் ஒரு சாண் நீளம் வெட்டி இரண்டின் மேலும் இழுத்துவிட்டு, இரண்டு பக்கமும் கிளிப் போட்டால் காற்றுப் போகாது, அதிர்வையும் தாங்கும். அளவு பெரிதாக வேறுபட்டால் மோட்டார் சைக்கிள் ரியூப்.

வக்கியூமா, டஸ்ற் கலெக்ரரா?

கடையில் இரண்டு வகை யந்திரம் உண்டு. பட்டறை வக்கியூம் ஒடுங்கிய குழாயில் பலமாக இழுக்கும், ஆனால் இழுக்கும் காற்றின் கொள்ளளவு குறைவு, நிமிடத்துக்கு 100 கன அடியை ஒட்டி வரும். பெரிய துணிப்பை தொங்கும் டஸ்ற் கலெக்ரர் மெல்ல இழுக்கும், ஆனால் அகன்ற குழாயில் நிறையக் காற்றை நகர்த்தும்.

மரத்தூள் குழாயில் தேங்காமல் ஓட, காற்று வினாடிக்கு 20 மீற்றர் வேகத்தில் போக வேண்டும் என்பது பொது அளவு. 4 அங்குலக் குழாயில் அந்த வேகம் வர நிமிடத்துக்கு ஏறத்தாழ 350 கன அடி காற்று தேவை. மேசை வட்டவாளுக்கும் மரம் சீவும் யந்திரத்துக்கும் இந்த அளவு வேண்டும், வக்கியூமால் கொடுக்க முடியாது. சாண்டருக்கும் றவுட்டருக்கும் வக்கியூம் போதும், சொல்லப்போனால் அதுதான் பொருத்தம். மேசை வாளை எப்போதாவது பாவிக்கிற வீட்டுப் பட்டறைக்கு டஸ்ற் கலெக்ரர் வாங்குவது என் பார்வையில் அவசரச் செலவு. வாளை முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு போகக் கீழே நாலு சில்லுப் பூட்டினால் போதும்.

வக்கியூமில் இன்னொரு குறை, அதன் வடிகட்டி சீக்கிரம் அடைபடும். அடைபட்டதும் இழுவை விழும், இழுவை விழுந்தால் தூள் தப்பும். இதற்குத்தான் இடையில் சைக்குளோன் என்ற கூம்பு வைக்கிறார்கள். கூம்பின் மேற்பக்கம் ஓரமாகக் காற்று நுழையும், நுழைந்ததும் சுவரைச் சுற்றிச் சுழலும். துகள்கள் தம் நிறையால் திரும்ப முடியாமல் சுவரில் மோதி, சறுக்கிக் கீழே உள்ள வாளிக்குள் விழும். பருந்தூள் நீங்கிய காற்று நடுக்குழாயால் மேலே ஏறி வக்கியூமுக்குப் போகும். அசையும் பாகம் ஒன்றுமில்லை, மாற்ற வேண்டிய வடிகட்டியும் இல்லை. பிளாஸ்ரிக் கூம்பு இணையத்தில் வாங்கலாம். கீழே வைக்க 20 லீற்றர் பெயின்ற் வாளி போதும். ஒற்றை வாளி என்றால் குழாய் எங்கேயாவது அடைபடும்போது வக்கியூம் அதை உள்ளுக்கு இழுத்து நசுக்கிவிடும், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வாளி வையுங்கள். மூடி காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். வாளியின் பக்கம் சின்னக் கசிவு இருந்தாலும், அந்த வழியால் காற்று மேலெழும்பி விழுந்த தூளைத் திரும்ப அள்ளிக்கொண்டு போய்விடும்.

சைக்குளோன் பருந்தூளைத்தான் நன்றாகப் பிரிக்கும். மிக நுண்ணியது நிறை போதாமல் காற்றோடு சேர்ந்து வக்கியூமுக்குள் போகும். அங்கே உள்ள வடிகட்டி மட்டமானது என்றால் அது பின்பக்கத்தால் அறைக்குள் வந்துவிடும். அப்போது நம்மிடம் இருப்பது பெரிய தூளை வாங்கிக்கொண்டு சின்னத் தூளை அறையெங்கும் தெளிக்கும் ஒரு யந்திரம். இதைத் தவிர்க்க ஹெப்பா வடிகட்டி போடலாம். 0.3 மைக்ரோன் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும் என்பது அதன் தரம்.

அல்லது யந்திரத்தை வெளியே வைத்துவிடலாம். குளிர்நாட்டுப் புத்தகங்களில் இந்த வழியைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். அங்கே உறிஞ்சிய காற்றை வெளியே விட்டால் காசு கொடுத்துச் சூடாக்கிய காற்றும் சேர்ந்து போய்விடும். நமக்கு அந்தக் கவலை என்ன? சுவரில் ஓர் ஓட்டை போட்டு, எஸ்லோன் (பி.வி.சி.) பைப் ஒன்றை நுழைத்து, வக்கியூமைப் பத்திக்கு வெளியே ஒரு தகர மறைப்புக்குள் வைத்தால், தப்பும் நுண்தூளும் சத்தமும் வெளியே போய்விடும். வைக்கும் இடத்தை மட்டும் பார்த்து வையுங்கள். கிணற்றுப் பக்கம் வேண்டாம், உடுப்புக் கொடிப் பக்கம் வேண்டாம், அயலவரின் மதிலை ஒட்டியும் வேண்டாம்.

மின்சாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சாண்டர் 300 வாற், வக்கியூம் 1200 வாற் என்றால் 13 அம்பியர் பிளக் ஒன்றில் தாராளமாக ஓடும். 1800 வாற் வாளையும் அதே பிளக்கில் வக்கியூமோடு சேர்த்தால் 230 வோல்ற்றில் 13 அம்பியரைத் தொட்டுவிடும். பழைய வீடுகளின் 5 அம்பியர் உருண்டைக்கால் பிளக்கில் இந்த வேலையே வேண்டாம்.

காற்றைப் பாவித்தல்

குடாநாட்டில் எங்களுக்கு இலவசமாகக் கிடைத்த யந்திரம் காற்று. வைகாசி தொடங்கிச் சோழகம் தென்மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். கார்த்திகைக்குப் பிறகு வாடை வடகிழக்கிலிருந்து வரும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏற்றுவதும் அந்தக் காற்றை நம்பித்தான். இரண்டுக்கும் எதிரெதிர்ப் பக்கங்களில் திறப்பு உள்ள கொட்டகையில் பாதிப் பிரச்சினை தானாகத் தீரும். அறையின் கன அளவுக்குச் சமமான காற்று மூன்று முறை மாறினால் மிதக்கும் தூளில் 95 சதவீதம் போய்விடும்.

காற்றுக்கு எப்படி நிற்பது என்பதில் பலர் தவறுகிறார்கள். முகத்துக்கு நேரே காற்று வந்தால் தூள் நம் மேல் விழும், இது எல்லோருக்கும் தெரியும். ஆகவே முதுகைக் காட்டி நிற்கிறார்கள். அப்போது நம் உடம்பே காற்றை மறிக்கிறது, மார்புக்கு முன்னால் ஒரு சுழி உண்டாகி, கையடியில் கிளம்பும் தூளை அப்படியே மூக்குக்குக் கொண்டுவந்து சேர்க்கிறது. காற்று பக்கவாட்டில், இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ போகும்படி நிற்பதுதான் சரி. மேசையைச் சில்லில் வைத்திருந்தால் பருவத்துக்குப் பருவம் திருப்பிக்கொள்ளலாம்.

பங்குனி, சித்திரையில் காற்று விழுந்துவிடும். மாரியில் மழைக்காகக் கதவை அடைப்போம். அப்போது மின்விசிறி வேண்டும், அதை எங்களை நோக்கித் திருப்பாமல் ஜன்னலில் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள். காற்று வெளியே போகிற பக்கத்து ஜன்னல் நல்லது. எதிர்ப்பக்கத்தில் காற்று உள்ளே வர ஒரு திறப்பு இருக்க வேண்டும், எல்லாவற்றையும் பூட்டிவிட்டு வெளியேற்றும் விசிறியை ஓடவிட்டால் அது சும்மா சுற்றும். கூரையில் தொங்கும் விசிறியை நிறுத்திவிடுங்கள். வியர்க்கும், தெரியும். ஆனால் அது விழப்போகிற தூளையெல்லாம் திரும்பத் தூக்கிவிடும். வேலை முடிந்த பின்னும் வெளியேற்றும் விசிறி ஓர் அரை மணித்தியாலம் ஓடட்டும்.

உங்கள் ஏற்பாடு வேலை செய்கிறதா என்று அறிய, இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, சாண்டர் ஓடும்போது பக்கத்திலிருந்து வேறொருவரை ரோச் அடிக்கச் சொல்லுங்கள். ஒளிக்கீற்றில் தூள் எங்கிருந்து தப்புகிறது, எந்தப் பக்கம் போகிறது என்று வடிவாகத் தெரியும். தூள் அளக்கும் கருவி வாங்க யோசிக்கிறவர்கள் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

மாஸ்க், கூட்டல், கழிவு

கொரோனாக் காலத்தில் மிஞ்சிய நீல நிற மாஸ்க் இதற்கு உதவாது. கன்னத்தின் இரண்டு பக்கமும் காற்றுப் போகும். மூக்கில் கட்டும் ஈர லேஞ்சியும் அப்படித்தான். என்95 தரமுள்ளது வேண்டும், தலையைச் சுற்றி இரண்டு பட்டி உள்ளது காதில் மாட்டுவதைவிட நன்றாகப் பொருந்தும். தாடி வைத்திருந்தால் எந்த மாஸ்க்கும் ஓரத்தில் கசியும். மாஸ்க் போட்டபின் கண்ணாடியில் ஆவி படிகிறது என்றால் மூக்கின் மேல் உள்ள கம்பியை இன்னும் அழுத்த வேண்டும், வெளியே போகிற மூச்சின் வழி தூள் உள்ளே வருகிற வழியும்தான். எங்கள் வெயிலுக்கும் வியர்வைக்கும், தொடர்ந்து வேலை செய்கிறவர்களுக்கு வடிகட்டி மாற்றக்கூடிய ரப்பர் அரைமுக மாஸ்க் வசதி. எதுவானாலும் வேலை முடிந்தவுடன் கழற்றாமல் கூட்டித் துப்பரவாக்கும் வரைக்கும் போட்டிருங்கள்.

துப்பரவாக்கத் தும்புத்தடி வேண்டாம், ஊதும் யந்திரம் அதைவிட வேண்டாம். வக்கியூமால் எடுங்கள். அது இல்லையென்றால் பழைய பட்டறைக்காரரின் முறை இருக்கிறது, தரையில் தண்ணீர் தெளித்து, ஈரம் ஊறியபின் கூட்டுவது. மேசையை ஈரச்சீலையால் துடையுங்கள். கூரை வளை, ஜன்னல் கட்டு, மின்விசிறித் தகடு ஆகியவற்றில் படிந்திருப்பது அடுத்த காற்றுக்கு இறங்கும், அவற்றை மறக்கவேண்டாம். வேலைச் சேட்டோடு வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்காதீர்கள். கிணற்றடிக்குப் போய்விட்டு உள்ளே போகலாம்.

எஸ்லோன் பைப்பில் நிலைமின் சேர்ந்து தூள் வெடிக்குமாம் என்று சிலர் கேட்பதுண்டு. மரத்தூள் வெடிக்க ஒரு கன மீற்றரில் பத்துக்கணக்கான கிராம் தூள் மிதக்க வேண்டும். மேலே சொன்ன 2 மில்லிகிராமோடு ஒப்பிட்டால் ஆயிரக்கணக்கான மடங்கு. அவ்வளவு தூளுக்குள் நின்றால் நம் கையே நமக்குத் தெரியாது. பெரிய ஆலைகளின் குழாய்களிலும் பைகளிலும் அது மெய்யான ஆபத்து, வீட்டுப் பட்டறையில் கையில் சுள்ளென்று ஒரு அடி விழுவதோடு முடியும். வீட்டில் பயப்பட வேண்டியது நெருப்புப்பொறிக்கு. மரத்தூள் கிடக்கும் வக்கியூமைப் பூட்டிக்கொண்டு இரும்புக் கிரைண்டர் பிடிக்காதீர்கள். உள்ளே போன பொறி மணிக்கணக்காகக் கனன்று நடுச்சாமத்தில் பற்றும்.

சேர்ந்த தூளை என்ன செய்வது? வேம்பு, பூவரசு, மா போன்ற வெறும் மரத்தின் தூளை மரத்தூள் அடுப்புக்குக் கொடுக்கலாம், வாழையடிக்குப் போடலாம். எம்.டி.எஃப்., பிளைவூட், பெயின்ற் அடித்த மரம் ஆகியவற்றின் தூள் அடுப்புக்கும் கூடாது, கோழிக்கூட்டுக்கும் கூடாது, தோட்டத்துக்கும் கூடாது. அதை நனைத்துப் பையில் இறுக்கிக் கட்டிக் குப்பைக்குக் கொடுங்கள். லின்சீட் எண்ணெய் பூசித் துடைத்த சீலையை அந்தப் பையிலோ தூள் வாளியிலோ போடவே வேண்டாம், சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் அது. வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டு, விறைத்தபின் எறியுங்கள்.